அரைப் பேர்

தேயிலைத் தோட்டத்தில் ஒருவரின் ஒரு நாள் உழைப்புக்குப் ‘பேர்’ என்று பெயர். காலையில் பிரட்டுக்களத்தில் நின்று, மலையேறி, நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து பறித்துக் கொடுத்தால் செக்ரோலில் ஒரு பேர் விழும். நிறை குறைந்தால் அரைப் பேர். வேலைக்கு வராவிட்டால் பேரே இல்லை. தோட்டத்து மக்கள் அன்றாடம் வழங்கும் இந்தச் சொல்லுக்குள் ஒரு முழுத் தத்துவம் அடங்கியிருக்கிறது. பறித்த இலை எவ்வளவோ அவ்வளவே மனிதர் என்பது அந்தத் தத்துவம்.

இது நியாயந்தானா என்று சோதித்துப் பார்க்கப் பெரிய நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. தீராத நோயுடன் பிறந்த ஒரு குழந்தையை வளர்க்கும் தோட்டக் குடும்பத்தை எண்ணிப் பார்த்தால் போதும். தலவாக்கலையைச் சுற்றியுள்ள எந்த லயத்துக் காம்பராவாகவும் அது இருக்கலாம். குழந்தைக்குப் பெருமூளை வாதம் என்று கொள்வோம். பிறப்பதற்கு முன்போ, பிறக்கும் வேளையிலோ, பிறந்த சிறிது காலத்திலோ வளரும் மூளைக்கு நேர்ந்த சேதத்தினால் வருவது அது. உலகில் ஆயிரம் பிறப்புகளுக்கு ஏறக்குறைய இரண்டு குழந்தைகளுக்கு இது நேர்கிறது. கை கால்கள் இறுகிவிடும். வலிப்பும் சேர்ந்து வரலாம். பல குழந்தைகளுக்கு விழுங்குவதே கடினம். உணவு நுரையீரலுக்குள் இறங்கிக் காய்ச்சல் கண்டுவிடும்.

இத்தகைய குழந்தைக்கு ஒரு வேளைச் சோறூட்ட ஒரு மணி நேரமும் ஆகலாம். சோற்றைக் குழைய மசித்து, தலையை நிமிர்த்திப் பிடித்து, ஒவ்வொரு வாயும் இறங்கியதா என்று பார்த்து ஊட்ட வேண்டும். வலிப்பு மருந்து வேளை தவறக் கூடாது. உடல் புண்ணாகாதபடி இரவிலும் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இறுகிய மூட்டுகளை நாள்தோறும் நீவி அசைத்துக் கொடுக்க வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில், அடுப்புப் புகைக்கும் மலைக் குளிருக்கும் நடுவில், இத்தனையும் நடக்கிறது. இது வேலையல்லாமல் வேறென்ன? கொழுந்து பறிப்பதைவிட இதற்குக் குறைந்த திறமையா வேண்டியிருக்கிறது? ஆயினும் இந்த வேலைக்குச் செக்ரோலில் இடமில்லை. காய்ச்சல் கண்ட குழந்தையுடன் இரவெல்லாம் விழித்திருந்த தாய் மறுநாள் நிறை குறைந்தால் அரைப் பேர்தான்.

நமது நாட்டில் அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். பல தலைமுறைகள் போராடிக் காத்துவரும் இந்தப் பேற்றைக் குறைத்துப் பேசுவது நன்றிகெட்ட செயலாகும். ஆனால் மருந்து இலவசமானாலும் மருந்திருக்கும் இடத்துக்குப் போய்ச் சேருவது இலவசமன்று. லிந்துலையிலோ நுவரெலியாவிலோ தீராதது பேராதனைச் சிறுவர் வைத்தியசாலைக்கும், 1895 இல் தொடங்கிய கொழும்பு லேடி ரிஜ்வே வைத்தியசாலைக்கும் போகிறது. நடக்க முடியாத குழந்தையைச் சுமக்க ஒருவர், பையையும் துண்டுகளையும் பார்க்க ஒருவர் என இரண்டு பேர் போயாக வேண்டும். ஒரே நாளில் இரண்டு பேர் இழப்பு. ஆயிரம் ரூபாய் நாட்கூலிக்கு ஆண்டுக்கணக்கில் போராடி அதனை 2021 இலும், 1350 ரூபாயை 2024 இலும் கண்ட மக்களுக்கு இந்த இழப்பு என்னவென்று சொல்லத் தேவையில்லை. 2022 இல் அந்நியச் செலாவணி வறண்டு மருந்தும் எரிபொருளும் தட்டுப்பட்டபோது, வேளை தவறாத மருந்தை நம்பியிருக்கும் குழந்தைகளின் வீடுகளுக்கு அந்த நெருக்கடி உயிர்ப்பிரச்சினையாகவே வந்தது.

இந்தக் குடும்பத்துக்குச் சமுதாயம் கொடுப்பது இரண்டு சொற்கள். ஒன்று, ‘போன பிறவிப் பாவம்’. மற்றொன்று, ‘தாயின் பொறுமையே தெய்வம்’. ஒன்று ஏச்சு, மற்றது புகழ்ச்சி. ஆனால் இரண்டும் செய்வது ஒரே காரியத்தைத்தான். கணக்கை அந்த வீட்டுக்குள்ளேயே முடித்துவிடுகின்றன. பாவமென்றால் பட்டுத் தீர்க்க வேண்டியவள் அவள். தெய்வமென்றால் தெய்வத்துக்குக் கூலி எதற்கு, ஓய்வு எதற்கு? எப்படிப் பார்த்தாலும் நமக்குச் செலவில்லை. பொறுமையைப் புகழ்வதில் தவறில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமலிருப்பதற்காகப் புகழ்வதே தவறு.

அந்தக் குழந்தையின் உடல் வெறும் விதியின் கிறுக்கலுமன்று. குறைமாதப் பிறப்பு, பிரசவத்தில் மூச்சுத் திணறல், கவனியாமல் விட்ட கடும் மஞ்சட் காமாலை ஆகியவை இந்நோய்க்கு அறியப்பட்ட காரணங்கள். இவற்றிற் பல தாயின் உணவோடும், மருத்துவம் எட்டும் தூரத்தோடும் தொடர்புடையவை. 2016 ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகள் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17. தோட்டப் பகுதியிலோ நூற்றுக்கு 32. தனியொரு குழந்தையின் நோய்க்கு இதுதான் காரணமென்று நாம் சொல்லிவிட முடியாது. ஆனால் இத்தகைய மண்ணில் நோயைத் தனிவீட்டுத் துரதிர்ஷ்டம் என்று மட்டும் சொல்வதும் உண்மையாகாது.

ஏழை நாடு என்ன செய்ய முடியும் என்று கேட்பார்கள். பதில் தலவாக்கலையிலேயே இருக்கிறது. 1925 இல் தொடங்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் சென் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கி வருகிறது. தேயிலையைத் தின்னும் புழுவை ஒடுக்க 1930 களில் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவியைக் கடல் கடந்து கொண்டுவந்தார்கள். 1946 இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையைத் தாக்கியபோது அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். செப்பு மருந்து தெளித்து அடக்கினார்கள். நல்ல காரியந்தான், அந்தச் செடியில்தான் இலட்சக்கணக்கானோரின் சோறு இருக்கிறது. ஆனால் நோயுற்ற செடியைப் பார்த்து எவரும் ‘பொறுத்துக்கொள்’ என்று உபதேசிக்கவில்லை. பக்கத்துச் செடியின் தியாகத்தைப் பாடவுமில்லை. மதிப்புடையதென்று ஒன்றைக் கருதினால் அதனைத் திட்டமிட்டுப் பேண இந்தச் சமுதாயத்துக்குத் தெரியும். ஆகவே பிரச்சினை இயலாமையன்று. எதற்கு மதிப்பு என்பதே.

இங்கேதான் தத்துவம் நேரே எதிர்ப்படுகிறது. மனிதராய்ப் பிறந்ததனால் மட்டும் ஓர் உயிருக்குத் தனி மதிப்பு வந்துவிடாது, தன்னுணர்வும் அறிவாற்றலுமே அதனைத் தீர்மானிக்கும் என்ற வகையில் ஆஸ்திரேலியத் தத்துவாசிரியர் பீட்டர் சிங்கர் 1979 முதல் வாதிட்டு வருகிறார். அவருக்கு எதிர்நின்று வாதாடியவர்களில் ஒருவர் அமெரிக்கத் தத்துவாசிரியை ஈவா கிட்டே. கடுமையான குறைபாடுகளுடன் பிறந்த மகளை வளர்த்த தாய் அவர். 1999 இல் வெளிவந்த நூலில் அவர் சொல்வதன் சாரம் இது: பிறர் கையில் வளராத மனிதர் எவருமில்லை, தங்கி வாழ்வது விதிவிலக்கன்று, மனித வாழ்வின் இயல்பு. பிள்ளை பெற்றவள் குழந்தையைப் பார்க்கிறாள். அவளைப் பார்க்க இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவராகச் சமுதாயம் இருக்க வேண்டும். மருத்துவச்சியை அறிந்த நம் மக்களுக்கு இது புதிய செய்தியன்று. தாய் வேலைக்குப் போகும்போது குழந்தையைப் பக்கத்துக் காம்பராக்காரி பார்த்துக்கொள்ளும் லயங்களில் இந்த அறம் இன்றும் உயிரோடிருக்கிறது. ஆனால் ஏழையின் சுமையை ஏழையே பங்கிட்டுக்கொள்ளும் அறமாக அது நின்றுவிடுகிறது.

1875 இல் கோதா வேலைத்திட்டத்தை விமர்சித்தபோது மார்க்ஸ் இதனைத் தெளிவாக்கினார். உழைப்பின் விளைவைப் பங்கிடுமுன்னர் உழைக்க இயலாதோருக்கென ஒரு பகுதியை ஒதுக்கியாக வேண்டுமென்றார். சம உழைப்புக்குச் சமகூலி என்பதும் முழு நீதியாகாது, ஒருவருக்குள்ள குடும்பப் பொறுப்பு மற்றவருக்கில்லை என்றும் சுட்டினார். நம் தொழிற்சங்க மேடைகள் நாட்கூலியைப் பற்றி நிறையப் பேசியிருக்கின்றன, பேசவும் வேண்டும். நாட்கூலிக்கே போக முடியாதவளைப் பற்றி அவை இன்னும் போதிய அளவு பேசவில்லை.

கொடுப்பது கருணையா, கடனா? மணிமேகலையில் இதற்கு விடை உண்டு. ஆபுத்திரன் மதுரையில் பிச்சையேற்றுக் கொணர்ந்த சோற்றைப் பார்வையற்றோருக்கும் செவி கேளாதோருக்கும் முடவருக்கும் பிணியாளருக்கும் முதலில் ஊட்டி, மிஞ்சியதைத் தானுண்டான். அது தனிமனிதக் கருணை. அதன் பெருமை குறைவன்று. ஆனால் அமுதசுரபியைப் பெற்ற மணிமேகலை அதனோடு நிற்கவில்லை. அரசனிடம் கேட்டுச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினாள். ஒருவர் கையிலிருந்த பாத்திரம் ஊருக்குரிய ஒழுங்காக மாறியது. அறம் வளர வேண்டிய திசை அதுவே.

இந்த மக்களுக்கு அரசிடம் கேட்கும் உரிமையே நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்தது. 1948 இல் பறிபோன குடியுரிமையின் நிலுவை 2003 இன் சட்டத்தோடுதான் பெரும்பாலும் தீர்ந்தது. இன்றும் தோட்டம் அரசைக் காட்டுகிறது. அரசு தோட்டத்தைக் காட்டுகிறது. அங்கவீனமுற்றோரின் உரிமைகளைக் காக்கும் சட்டம் 1996 இல் வந்தது. ஐக்கிய நாடுகள் சபையின் உடன்படிக்கையை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிசெய்தது. கேட்க வேண்டியவை எட்டாத கனிகளுமல்ல. வைத்தியசாலைக்குக் குழந்தையைத் தூக்கிச் செல்லும் நாளுக்குப் பேர் போடப்பட வேண்டும். தோட்டத்துப் பிள்ளை மடுவம் இக்குழந்தைகளையும் ஏற்க, பயிற்சி பெற்றவர் அங்கிருக்க வேண்டும். உடற்பயிற்சிச் சிகிச்சை மாதமொருமுறையாவது தோட்டத்தைத் தேடி வர வேண்டும். அறிவுரை தாய்க்கு விளங்கும் தமிழில் சொல்லப்பட வேண்டும்.

இப்படியெல்லாம் செய்தால் தாயன்பு கூலிவேலையாகிவிடாதா என்பர் சிலர். அன்புக்கு நேரம் வேண்டும், உறக்கம் வேண்டும். அவற்றைக் கொடுப்பதனால் எந்த அன்பும் மலிந்துவிடாது. களைப்பே மிஞ்சிய வீட்டில், தன் குழந்தையின் சிரிப்பைக் கண்டு மகிழ்வதற்கும் தாய்க்கு ஓய்வில்லை என்பதுதான் இன்றைய இழப்பு.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இது தொலைவிலுள்ள விஷயமன்று. தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்காளை மறித்துவிடுகிறது வீடு. வகுப்பில் அவளுடைய இடம் சில நாள் வெறுமையாகும், பிறகு நிரந்தரமாகும், பதிவேடு அதனை ‘இடைவிலகல்’ என்று எழுதிக்கொள்ளும். அந்தச் சொல்லோடு நாம் நின்றுவிடலாகாது. அவள் ஏன் வரவில்லை என்று லயத்துக்குப் போய்க் கேட்க வேண்டும். கேட்டதைச் சங்கத்திலும் பிரதேச செயலகத்திலும் பலரறியச் சொல்ல வேண்டும். ஒரு கொழுந்தும் பறிக்காத அந்தக் குழந்தைக்கு மனிதர் வரிசையில் முழுப் பேர் போடும் நாளில்தான், பறிக்கிறவர்களையும் இலையின் நிறையைக் கொண்டு அளப்பதை நாம் நிறுத்துவோம்.