யார் நகர வேண்டும்?

மயிலாப்பூர்வாசிக்குத் தேர் தெரியும். படகு அவ்வளவாகத் தெரியாது. பங்குனித் திருவிழாவில் கபாலீசுவரர் தேர் மாட வீதி மூலையில் திரும்பும்போது, எத்தனை பேர் வடம் பிடித்தாலும், தேர் எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்பதைச் சக்கரத்தடியில் போடும் முட்டுக்கட்டைதான் தீர்மானிக்கிறது. பெரியதைச் சிறியது வழி நடத்தும் இந்த விந்தையைப் படகிலும் கண்டேன்.

காசிமேட்டுப் பக்கம் ஒரு பட்டறையில் பழைய விசைப்படகு ஒன்றைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே இரண்டு எஞ்சின்கள். ஒவ்வொன்றுக்கும் தனித் தண்டு. தண்டின் நுனியில் புரொப்பெல்லர். எஞ்சினும் தண்டும் சேருமிடத்தில் இரண்டு இரும்புத் தட்டுகள் முகத்தோடு முகம் பொருந்த வேண்டும். கப்ளிங் என்பார்கள். வயதான மெக்கானிக் ஒருவர் அந்த இடுக்கில் மெல்லிய தகட்டைச் செருகி, மேலும் கீழும் இரு பக்கமும் இடைவெளியை அளந்துகொண்டிருந்தார். 4 அங்குலக் கப்ளிங் என்றால், ஓர் அங்குலத்தை 1000 பங்காக்கி அதில் 4 பங்குக்கு மேல் வித்தியாசம் கூடாது என்பது வழக்கமான கணக்கு. ஏறக்குறைய ஒரு தலைமயிரின் கனம்!

வித்தியாசம் இருந்தது.

"தண்டைக் கொஞ்சம் தட்டிவிட்டால் ஆகாதா, பெரியவரே?" என்று கேட்டேன்.

"எஞ்சினைத்தான் சார் நகர்த்தணும். அதுக்குத்தான் காலு இருக்கு" என்றார்.

கால் என்றது எஞ்சின் உட்காரும் தாங்கிகளை. நட்டைத் திருகி அவற்றை உயர்த்தலாம், தாழ்த்தலாம். பக்கவாட்டில் ஒதுக்கவும் செய்யலாம். தண்டுக்கு அந்த வசதி இல்லை. படகின் அடிவயிற்றைத் துளைத்துக்கொண்டு, குழாய்க்குள்ளும் பேரிங்குக்குள்ளும் அடைபட்டு அது வெளியே போகிறது. வலுக்கட்டாயமாக இழுத்து போல்ட்டை முடுக்கிவிடலாம்தான். பார்வைக்குப் பொருத்தமாகவும் இருக்கும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் தண்டு வளைந்து நிமிரும். படகு அதிரும், பேரிங் தேயும், ஒருநாள் தண்டே முறிந்தாலும் முறியும்.

"கொஞ்சம் அனுசரித்துப் போயேன்" என்று நாம் யாரிடம் சொல்கிறோம்? புதிதாக வந்த மருமகளிடம், கடைப்பையனிடம், வாடகைக்கு இருப்பவரிடம். எடை குறைந்தவர்கள் நகர்வது சுலபம் என்பது நம் எண்ணம். உண்மையில் அவர்களுக்குத்தான் நகர இடமே இல்லை. அவர்கள் வளைகிறார்கள். வளைவதைப் பார்த்துவிட்டு, நகர்ந்துவிட்டார்கள் என்று நாம் திருப்திப்பட்டுக்கொள்கிறோம். விட்டுக்கொடுக்கும் கடமை எடையைப் பார்த்து வருவதல்ல; கால் யாருக்கு இருக்கிறது என்பதைப் பார்த்து வருவது.

அப்படியானால் எளியவர் வைத்ததுதான் சட்டமா என்று கேட்பீர்கள். இல்லை. அந்தப் பெரியவர் அளப்பதற்கு முன் தண்டையும் சோதித்தார். தன் பாரத்தால் தொங்கிய அதன் முனையைத் தாங்கிக் குழாயின் நடுவில் நிறுத்தினார். தண்டே கோணலாக இருந்தால் அதைக் கழற்றித்தான் நிமிர்த்த வேண்டும். கோணலுக்கு இணங்க எஞ்சினைச் சாய்ப்பதில்லை. கருணை வேறு, கண்மூடித்தனம் வேறு அல்லவா?

இன்னொரு விஷயம். இரண்டு எஞ்சின்களை ஒன்றையொன்று பார்த்து நிறுத்துவதில்லை. ஒவ்வொன்றும் தன் தண்டோடு நேராக இருந்தால் போதும். புரொப்பெல்லர்கள் பெரும்பாலும் எதிரெதிர்த் திசையில்தான் சுழலும். ஒன்றின் பக்க இழுப்பை மற்றது சரிக்கட்டிவிடும். படகு நேராகப் போகும். அடுத்த வீட்டுக் குடித்தனத்தைப் பார்த்து நம் வீட்டை அளக்கிறவர்கள் இதை யோசிக்கலாம்.

கரையில் எடுத்த அளவும் முடிவானதல்ல. தண்ணீரில் மிதந்ததும் மரப்படகின் உடல் சற்றே மாறும். சில நாள் மிதக்கவிட்டு மறுபடி அளக்கத்தான் வேண்டும். குடும்பத்திலும் அப்படியே. ஒரு காலத்தில் நகர இடமும் வலுவும் பெற்றிருந்த மாமியார் இன்று படுக்கையோடு இருக்கலாம். சாவிக்கொத்து மருமகளின் இடுப்புக்கு வந்திருக்கலாம். இப்போது நகர வேண்டியவள் மருமகள். பழைய கணக்கைக் காட்டி அவள் அசையாமல் நின்றால், அன்று தன்னை வளைத்தவர்கள் செய்த அதே அநியாயத்தைத்தான் அவளும் செய்கிறாள்.