தெப்பக்குளக் கரையிலே



மார்கழி கழிந்து தை பிறந்துவிட்டது. நமது மதுரையில் குளிர் என்று சொல்லத்தக்கது ஆண்டில் இந்தச் சில வாரங்கள்தான். இந்நாட்களில் நம் பங்கு முதியோர் சிலர், காலைப் பூசை முடிந்ததும் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றி மெல்ல நடந்து வருகிறார்கள். திருமலை நாயக்கர் 1645-ம் ஆண்டில் அமைத்த குளம் அது. மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளமே குளமாயிற்று என்று பெரியோர் சொல்வதுண்டு. ஏறக்குறைய 1,000 அடி நீளமும் 950 அடி அகலமும் உள்ளதால், ஒரு சுற்று ஒன்றேகால் கிலோமீட்டர் வரும். வெகுகாலம் வறண்டு, பையன்கள் பந்தாடிய அவ்விடத்தில், வைகைத் தண்ணீர் நிறைந்து நிற்பதைப் பார்ப்பதே கண்ணுக்குக் குளிர்ச்சி.

போன வாரம் நானும் அவர்களோடு போனேன். பேச்சு சுவாரசியத்தில் வேகமாக நடந்துவிட்டேன். மூலை திரும்பிப் பார்த்தால், அவர்கள் பாதிக் கரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். வெட்கத்தோடு திரும்பிப் போனேன். ஒரு பாட்டி சிரித்துக்கொண்டே, “நீங்க போங்க சாமி. வீட்டிலயும் எல்லாரும் இப்படித்தான் முன்னால போயிடுறாங்க. எங்களுக்குப் பழகிப்போச்சு” என்றார்கள்.

பிரியமானவர்களே, அந்தச் சொல் என் நெஞ்சில் தைத்தது. அந்தப் பாட்டிக்குச் சோற்றுக்கும் துணிக்கும் குறைவில்லை. பிள்ளைகள் நல்லவர்கள். ஆனாலும் கூட நடக்க ஆளில்லை. பெற்றோரைச் சங்கிக்கச் சொல்லும் நான்காம் கற்பனையை, மருந்து வாங்கிக் கொடுப்பதோடு நிறைவேற்றிவிட்டோம் என்று நினைக்கிறோமே, அது போதுமா?

உயிர்த்த ஆண்டவர் எம்மாவுஸ் வழியில் செய்ததை நினைத்துப் பாருங்கள். மனம் சோர்ந்த இரண்டு சீஷர்கள் அறுபது ஸ்தாதி, அதாவது ஏறக்குறைய 11 கிலோமீட்டர் வழியை நடந்து போனார்கள். மரணத்தை வென்றவருக்கு அவர்களை முந்திப் போவது பெரிதா? அவரோ கிட்ட வந்து, அவர்கள் நடைக்குத் தம் நடையைக் குறைத்து, முதலில் அவர்கள் துக்கத்தைக் கேட்டார். போதித்தது அதற்குப் பிறகுதான்.

வேறொரு காலையில், ஏரிக்கரையில் கரிநெருப்பு மூட்டிச் சீஷருக்கு உணவளித்தபின், அவர் அர்ச். இராயப்பரிடம் முதுமையைப் பற்றியே பேசினார். இளமையில் தானே இடுப்பைக் கட்டிக்கொண்டு விரும்பிய இடத்துக்குப் போனவர், முதிர்ந்தபின் கைகளை நீட்ட, வேறொருவர் கட்டி அழைத்துப் போவார் என்றார். இது அவருடைய வேதசாட்சி மரணத்தைக் குறித்தது என்று அர்ச். அருளப்பர் எழுதுகிறார். எனினும், பிறர் கையைப் பிடித்து நடக்கும் ஒவ்வொரு முதியவருக்கும் இதில் ஆறுதல் உண்டு. ஏனெனில் இதைச் சொன்ன கையோடு, தம்மைப் பின்செல்லும்படி ஆண்டவர் அவரை அழைத்தார். கால் தளர்ந்தாலும் அழைப்பு தளர்வதில்லை. 1606-ல் நம் மதுரைக்கு வந்த தத்துவபோதகர் இராபர்ட் தெ நொபிலி சுவாமியும், கடைசிக் காலத்தில் கண் மங்கி, மயிலாப்பூரில் பிறர் உதவியால் நூல்களைச் சொல்லி எழுதுவித்து, 1656 ஜனவரி 16-ல் ஆண்டவரிடம் சென்றார்.

ஆகையால் முதியோரே, வெயில் முகம் காட்டியபின் புறப்படுங்கள். தலைக்குத் துண்டு கட்டுங்கள். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெறும் வயிற்றோடு வராதீர்கள். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகமே போதும். மூச்சு வாங்கினால் உட்காருங்கள். கரைக்கு ஒரு பத்துமணியாக நான்கு கரைக்கு நான்கு செபியுங்கள். ஐந்தாவதை உட்கார்ந்து, வர முடியாமல் படுக்கையில் இருப்பவர்களுக்காகச் செபியுங்கள். தைப்பூசத் தெப்பத் திருவிழா அன்று கூட்டம் மிகுதியாதலால் நடை வேண்டாம்.

பிள்ளைகளே, பேரப்பிள்ளைகளே, வாரத்தில் ஒரு நாளாவது கூட நடங்கள். செல்போன் சட்டைப்பையில் கிடக்கட்டும். பத்துமுறை கேட்ட கதையானாலும் பதினோராம் முறை கேளுங்கள். நடக்க முடியாதவர் வீட்டில் இருந்தால், அவர் கட்டில் அருகே அந்த அரைமணி நேரம் உட்காருங்கள். திவ்விய நற்கருணை கொண்டுவர எனக்கும் சொல்லியனுப்புங்கள்.

பிப்ரவரி 2-ம் தேதி, மெழுகுதிரி மந்திரிக்கும் திருநாள். குழந்தை சேசுவைத் தேவாலயத்தில் கண்டுகொண்டவர்கள் சிமெயோனும், 84 வயது அன்னம்மாளும் அல்லவா? அன்று ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் முதியவரைக் கைப்பிடித்து அழைத்து வாருங்கள். பூசைக்கு ஐந்து நிமிடம் பிந்தினாலும் பாதகமில்லை. அவர்கள் நடையிலேயே வாருங்கள், நான் காத்திருப்பேன்.

சர்வேசுரன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.

உங்கள் பங்குக் குரு