முறிந்தவர் சொத்தும் புரோநோட்டும்



வியாபாரம் முறிவது பாவமன்று. நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் ஒருவர், வாங்கிய கனிகளில் நஷ்டமடைந்து கடனில் மூழ்கினார். அவருக்குத் தருமம் செய்யுமாறு பெருமானார் மக்களை ஏவினார்கள். மக்கள் கொடுத்தும் கடன் தீரவில்லை. கிடைத்ததை எடுத்துக்கொண்டு அத்துடன் விட்டுவிடுமாறு கடன் கொடுத்தோருக்குத் தீர்ப்பளித்தார்கள். இது முஸ்லிம் ஷரீபில் உள்ள செய்தி.

கிடைத்தது அவர்கள் அனைவருக்கும் பொது என்பதைக் கவனியுங்கள். நம்மிடையே நடப்பதென்ன? கடை முறிந்ததும், மைத்துனர் பெயருக்குப் பழைய தேதியிட்டு ஒரு புரோநோட்டு பிறக்கிறது! சரக்கு விற்ற ரொக்கத்தைப் பங்கிட்டுத் தர ஏற்றவர், அந்த நோட்டுக்கே முதலில் கொடுக்கிறார். சில வேளை தம் கடைக்கும் கைமாற்றாக எடுத்துக்கொள்கிறார். பங்கு கிடைக்காதவர்களோ, தங்கள் நோட்டில் ஜாமீன் கையெழுத்திட்ட ஏழையின் வாசலில் போய் நிற்கிறார்கள். (ஜாமீன் போடுவதில் நாம் காட்டும் தாராளம் தனிக்கதை.)

அந்த ரொக்கம் அமானிதமல்லவா? திருமறையின் மிக நீண்ட வசனம், பகரா 282, கடனை எழுதுவது பற்றியதே. கடன் பட்டவரே வாசகம் சொல்லவேண்டும், சாட்சிகள் வேண்டும் என்கிறது. முறிந்தபின் எழுதிய நோட்டில் சாட்சியாகக் கையெழுத்திட்டவரும் அந்தப் பொய்யில் பங்காளிதான்.

கோர்ட்டில் முறிவு அறிவிக்கப்பட்டால் சொத்தை ஏற்க அதிகாரி உண்டு. பெரியவர்கள் பேசித் தீர்க்கும் கணக்குத்தான் இருட்டில் போகிறது. அத்தகைய பணம் எவர் கையில் உள்ளதோ, அவர் வரும் ஜும்ஆவுக்குள் வரவு செலவை எழுதி, கடன் கொடுத்தோர் எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கட்டும்.