பியூஸ் போகாத வீடு

பழைய வீட்டை விலை பேசப் போகிறவர்கள் கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள். தேக்குத் தூணைத் தட்டிப் பார்ப்பார்கள். வாசல் எந்தத் திசை என்று கேட்பார்கள். சுவரோடு ஓடுகிற மின்சாரக் கம்பியை நின்று பார்த்தவர் யாரையும் நான் கண்டதில்லை. விளக்கு எரிகிறதா, எரிகிறது. விசிறி சுற்றுகிறதா, சுற்றுகிறது. அதற்கு மேல் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? வீட்டுக்காரரும் பெருமையாகச் சொல்வார்: "இந்த வீட்டிலே பியூஸ் போனதே கிடையாது, சார்."

இந்தப் பெருமையைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பியூஸ் என்பது போவதற்காகவே வைக்கப்பட்ட பொருள். பீங்கான் கட்டைக்குள் ஒரு மெல்லிய இழை. கம்பி தாங்கக் கூடியதற்கு மேல் மின்சாரம் ஓடினால், கம்பி கொதிப்பதற்கு முன்பே அந்த இழை உருகி அறுந்து வீட்டை இருட்டாக்கிவிடும். அப்படிப்பட்ட இழை பல வருஷங்களாக ஒரு தடவைகூட அறவில்லை என்றால் காரணம் இரண்டில் ஒன்றுதான். வீட்டில் அளவு மீறிய செலவு இல்லாமல் இருக்கலாம். அல்லது யாரோ ஒருவர், இருட்டில் மெழுகுவர்த்தி தேடித் தேடிச் சலித்துப்போய், இழைக்குப் பதிலாகத் தடித்த செப்புக் கம்பியை முறுக்கிப் போட்டிருக்கலாம். நம் பக்கத்தில் பெரும்பாலும் இரண்டாவதுதான். அப்படிப் போட்டவருக்குத் தெருவிலே கெட்டிக்காரர் என்று பெயர். வீட்டில் எதற்கெடுத்தாலும் முதலில் அழுதுவிடுகிற ஒருத்தி இருப்பாள்; அவள் வாயை அடைத்துவிட்டுக் குடும்பம் அமைதியாக இருக்கிறது என்று சொல்லிக்கொள்கிற கெட்டிக்காரர்களும் உண்டு. அது வேறு கதை.

கும்பகோணத்தில் என் நண்பர் ஒருவருக்குத் தாத்தா கட்டிய வீடு பாகத்தில் வந்தது. ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு, கொல்லை என்று போய்க்கொண்டே இருக்கிற வீடு. முன்கட்டில் அவர் குடும்பம், பின்கட்டில் குடித்தனம். சுவரெல்லாம் தேக்கு ரீப்பர். அதன்மேல் கிளிப் அடித்து இறுக்கிய ரப்பர் கம்பி. உருண்டையான கறுப்பு ஸ்விச்சுகள். போட்டு அறுபது வருஷம் இருக்கும். பிடுங்கிவிட்டு முழுவதையும் புதிதாகப் போட வேண்டும் என்று லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் ஒருவர் சொல்லி, எஸ்டிமேட்டும் எழுதிக் கொடுத்துவிட்டார். தொகையைப் பார்த்ததும் நண்பருக்கு வியர்த்துவிட்டது. முன்கட்டை இப்போது முடித்துவிடுவது, பின்கட்டைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று தீர்மானித்தார். தீர்மானித்த பிறகும் மனம் ஒப்பவில்லை போலிருக்கிறது. என்னிடம் வந்து கேட்டார்: "அறுபது வருஷமாக ஒன்றும் நடக்கவில்லையே?"

கேள்வி நியாயமாகத்தான் இருக்கிறது. நாம் எல்லோரும் நம்பி வாழ்கிற வாதம் இதுதான். நேற்று இருந்தது, இன்றும் இருக்கும்.

ஆனால் அறுபது வருஷத்துக்கு முன் அந்தக் கம்பியிடம் என்ன வேலை வாங்கினார்கள்? நாலு பல்பு, ஒரு விசிறி, ஒரு ரேடியோ. எல்லாம் சேர்ந்து முந்நூறு வாட் வராது. மெயின் கம்பியில் ஒரு ஆம்பியருக்குச் சற்று மேலே ஓடியிருக்கும். இன்றைக்குக் குளியலறை ஹீட்டர் ஒன்றே 2,000 வாட். 230 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 9 ஆம்பியர். மின்சாரம் மும்மடங்கானால் கம்பியில் எழும் சூடு மும்மடங்கு அல்ல, ஒன்பது மடங்கு என்று ஜேம்ஸ் ஜூல் என்ற ஆங்கிலேயர் 1841-லேயே கணக்குச் சொல்லிவிட்டார். அந்தச் சூட்டில் ரப்பர் உலர்கிறது, வெடிக்கிறது, தொட்டால் உதிர்கிறது. யாரும் தொடாத வரையில் உதிராமல் நிற்கிறது. கம்பி பலமாக இருப்பதனால் அந்த வீடு நிற்கவில்லை. அதை யாரும் அசைக்கவில்லை, அவ்வளவுதான்.

இதுவரை சொன்னது சுவரைப் பற்றிய கவலை. மனிதனைப் பற்றிய கவலை இன்னொன்று இருக்கிறது. அது பின்கட்டில் இருந்தது.

பின்கட்டில் குடியிருப்பவள் அறுபது வயது தாண்டிய ஒரு விதவை. இட்லி மாவு அரைத்துத் தெருவுக்கு விற்றுப் பிழைக்கிறாள். விடியற்காலையில் கிரைண்டர் ஓடத் தொடங்கும். கீழே எப்போதும் ஈரத் தரை, வெறுங்கால். கிரைண்டரைச் செருகியிருக்கிற பிளக்கில் மூன்று துவாரங்கள் இருந்தன. எலெக்ட்ரீஷியன் அதைக் கழற்றிப் பார்த்தார். மூன்றாவது துவாரத்துக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. எப்போதோ யாரோ பழைய இரண்டு துவாரப் பிளக்கை எடுத்துவிட்டு, மூன்று துவாரத் தகட்டை மட்டும் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். எர்த் கம்பியும் கிடையாது. கொல்லையில் கரியும் உப்பும் போட்டுப் புதைத்த எர்த் குழியும் கிடையாது. பொய்யை வாயால்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை.

"ஷாக் அடிக்கிறதுண்டா, அம்மா?" என்று எலெக்ட்ரீஷியன் கேட்டார்.

"எப்பவாவது சுரீர்னு இழுக்கும், தம்பி. அதுக்குத்தான் மணைப்பலகை போட்டு அதுமேலே நின்னுக்கறேன். பழகிப் போச்சு."

நண்பர் இதை என்னிடம் சொல்லும்போது, சாதாரணச் செய்தியாகத்தான் சொன்னார். சொல்லி முடித்த பிறகு இரண்டு பேருமே சற்று நேரம் பேசவில்லை. அறுபது வருஷமாக ஒன்றும் நடக்கவில்லை என்று யார் சொன்னது? பின்கட்டில் தினம் காலையில் நடந்துகொண்டிருந்தது. 'ஒன்றும் நடக்கவில்லை' என்ற வாக்கியத்தில் ஒரு சொல் விட்டுப்போயிருக்கிறது: எனக்கு. முன்கட்டில் இருந்துகொண்டு சொல்லப்பட்ட சாட்சியம் அது.

இந்த விஷயத்தில் பியூஸையும் நம்ப முடியாது. பியூஸ் கம்பியைக் காக்கப் பிறந்தது. ஐந்து ஆம்பியருக்கு மேல் போனால்தான் அது விழித்துக்கொள்ளும். ஒரு மனிதனின் இருதயத்தை நிறுத்துவதற்கு ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு போதும். ஒருத்தி இறந்துகொண்டிருக்கும்போது, சரியான பியூஸ்கூடச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். அதற்காகத்தான் இப்போது, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடுகிற கருவி வைக்கிறார்கள், ஆர்.சி.சி.பி. என்று பெயர்.

"அதை மட்டும் வாங்கி மாட்டிவிட்டால் போதாதா?" என்று நண்பர் கேட்டார். மாட்டலாம். ஆனால் உதிர்ந்த ரப்பரும் ஈரச் சுவருமாக இருக்கிற பழைய கம்பியில் எந்நேரமும் ஏதாவது கசிந்துகொண்டே இருக்கும். கருவி ஒரு நாளைக்குப் பத்துத் தடவை விழும். பதினோராவது தடவை ஒரு கெட்டிக்காரர் வந்து, அதைத் தாண்டி நேராகக் கம்பி கொடுத்துவிட்டுப் போவார்.

தன் உயிரைப் பணயம் வைக்க ஒருவனுக்கு உரிமை உண்டா என்று சாஸ்திரம் பேசுகிறவர்கள் வாதாடட்டும். உண்டு என்றே வைத்துக்கொள்வோம். முன்கட்டில் பழைய கம்பியோடு இன்னும் பத்து வருஷம் காலந்தள்ளுவது நண்பரின் சொந்த விவகாரமாக இருக்கலாம். அவர் மனைவி மக்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். பின்கட்டுக்காரிக்குச் சுவரைத் திறந்து பார்க்க அதிகாரம் இல்லை. திறந்து பார்த்தவர் நண்பர். தெரியாதிருந்த வரையில் அவரிடம் யாரும் கணக்குக் கேட்க முடியாது. தெரிந்துகொண்ட தினத்திலிருந்து அது கடன்.

இங்கேதான் ஒரு சிக்கல் வந்தது. அந்த அம்மாளே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். "எனக்கு எதுக்குத் தம்பி இதெல்லாம்? புதுசா வயரிங் பண்ணினா வாடகையை ஏத்துவே. இருக்கிறபடியே இருக்கட்டும்." நண்பருக்கு உள்ளூர ஒரு நிம்மதி. அவளே வேண்டாம் என்கிறாளே!

அதை நான் சம்மதம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். வாடகைக்குப் பயந்து மின்சாரத்துக்குப் பயப்படாமல் இருப்பதைத் தைரியம் என்று சொல்ல முடியுமா? இரண்டு பயங்களில் அவளுக்கு எது அருகில் நிற்கிறதோ அதைச் சொல்கிறாள். வாடகை ஏறாது என்று முதலில் எழுதிக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு கேட்டால் வருகிற பதில்தான் பதில்.

நண்பரையும் குறை சொல்லிவிட முடியாது. பணம் உண்மையாகவே இல்லை. நான் செய்ததெல்லாம் அந்த எஸ்டிமேட்டை வாங்கிப் படித்ததுதான். கூடத்துக்குப் பொய்க் கூரை. அதில் புதைக்கப் பதினாறு விளக்குகள். வாசலுக்கு ஒரு அலங்கார விளக்கு. இவையெல்லாம் முதல் பக்கம். எர்த் குழியும் பின்கட்டும் கடைசிப் பக்கத்தில் 'பிறகு' என்ற தலைப்பின் கீழ் இருந்தன. ஒரு மனிதனைப் பற்றி அவன் டைரியில் தெரிந்துகொள்வதைவிட அவன் எஸ்டிமேட்டில் அதிகம் தெரிந்துகொள்ளலாம் என்று எனக்கு அப்போது தோன்றியது. அவரிடம் சொல்லவில்லை. பக்கங்களை மட்டும் மாற்றி அடுக்கிக் கொடுத்தேன்.

வேலை கொல்லையிலிருந்து ஆரம்பமாயிற்று. முதலில் எர்த் குழி. பிறகு பின்கட்டுக்குத் தனி போர்டு, தனிக் கம்பிகள்: விளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், கிரைண்டர் பிளக்குக்கு 2.5, ஹீட்டருக்கு 4. சுண்ணாம்புச் சுவரை வெட்டிக் குழாய் புதைத்தார்கள். பூசுவதற்கு முன் குழாய் எந்த வழியாகப் போகிறது என்று ஒவ்வொரு சுவரையும் புகைப்படம் எடுத்து, ஒரு வரைபடமும் போட்டு, போர்டு கதவின் உட்புறம் ஒட்டினார்கள். இன்னும் முப்பது வருஷம் கழித்துக் காலண்டர் மாட்ட ஆணி அடிக்கப்போகிறவனை அவர்கள் பார்க்கப் போவதில்லை. கடைசியாக மெக்கர் என்ற கருவியால் 500 வோல்ட் கொடுத்துக் கசிவு இருக்கிறதா என்று சோதித்துவிட்டுத்தான் மின்சாரம் கொடுத்தார்கள். அம்மாள் மணைப்பலகையை இன்னும் எடுக்கவில்லையாம். "இருக்கட்டும், கால் பழகிப் போச்சு" என்றாளாம்.

முன்கட்டு வேலை தைக்கு மேல்தான். அதுவரை கூடத்தில் அந்தக் கறுப்பு ஸ்விச்சுகளோடுதான் இருக்க வேண்டும். ஹீட்டர் போடுவதை நிறுத்தியாயிற்று, விறகடுப்பில் வெந்நீர். பியூஸ் கட்டையிலிருந்து தடித்த செப்புக் கம்பியை எடுத்துவிட்டு, அளவான இழை போட்டிருக்கிறார்கள். இதற்குள் இரண்டு தடவை போய்விட்டதாக நண்பர் எழுதியிருக்கிறார்.