யாருக்குப் பின்னால் நடக்கிறீர்கள்?

இந்த மாதம் நான் வெட்கப்படுகிற ஒரு காரியத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ளும்படி ஆவியானவர் என்னை ஏவினார்.

அப்போது எனக்கு 28 வயது. வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ முடித்து வந்த புதிது. எங்கள் பகுதிக்கு ஒரு ஊழியக்காரர் எழுப்புதல் கூட்டங்களுக்கு வருவார். அவர் மைக்கைப் பிடித்தால் ஜனங்கள் அழுவார்கள். அவர் பையை நான்தான் தூக்குவேன். அவரைப் போலவே ஜெபிப்பேன், ஏன், அவரைப் போலவே இருமவும் செய்வேன்! என் மனைவிகூட கேலி செய்வாள்.

ஒரு நாள் சர்க்கரை வியாதியுள்ள ஒரு தாயாரைப் பார்த்து, "அம்மா, கர்த்தர் சுகம் கொடுத்துட்டார். இனி மாத்திரையைத் தொட்டா அது அவிசுவாசம்" என்றார். கூட்டம் முடிந்ததும் அந்தத் தாயார் என்னிடம் வந்து, "தம்பி, நிஜமாவே விட்டுடலாமா?" என்று கேட்டார்கள். என் உள்ளத்தில் ஒரு உறுத்தல் இருந்தது. ஆனாலும், "தேவ மனுஷர் சொல்லிட்டாரே அம்மா, விசுவாசியுங்க" என்று சொல்லிவிட்டேன்.

சில வாரங்களில் காலில் புண் வந்து சீழ் பிடித்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். அந்த ஊழியக்காரருக்குப் போன் செய்தேன். "அந்த அம்மாவுக்கு விசுவாசம் பத்தல" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். தாயாரைப் பார்க்கப் போனேன். அவர்கள் என்னைத் திட்டவில்லை. "அவரை எனக்கு என்ன தெரியும் தம்பி? நீங்க சொன்னீங்கன்னுதான் விட்டேன்" என்றார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

பிரியமானவர்களே, கர்த்தர் இன்றும் சுகமாக்குகிறவர். அதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆனால் நான் அன்று கர்த்தருக்குப் பின்னால் போகவில்லை, ஒரு மனுஷனுக்குப் பின்னால் போனேன். எனக்குப் பின்னால் ஒரு தாயார் வந்துகொண்டிருந்ததை நான் பார்க்கவே இல்லை.

அந்த இரவில் 1 இராஜாக்கள் 13-ஐ வாசித்தேன். யூதாவிலிருந்து வந்த தேவ மனுஷனுக்குக் கர்த்தர் தெளிவாகக் கட்டளையிட்டிருந்தார்: பெத்தேலில் சாப்பிடக்கூடாது, குடிக்கக்கூடாது, போன வழியாய்த் திரும்பக்கூடாது. ராஜாவாகிய யெரொபெயாம் விருந்துக்கு அழைத்தான். பாதி அரண்மனையைக் கொடுத்தாலும் வரமாட்டேன் என்றான் அந்த மனுஷன். எவ்வளவு வைராக்கியம்! ஆனால் ஒரு கிழவனான தீர்க்கதரிசி வந்து, தேவதூதன் தன்னோடு பேசினதாகப் பொய் சொன்னவுடன் எழுந்து கூடப் போய்விட்டான். திரும்பும் வழியில் சிங்கம் அவனைக் கொன்றுபோட்டது.

கவனியுங்கள்! ராஜாவால் விழத்தட்ட முடியாதவனை ஒரு தீர்க்கதரிசியின் பேச்சு விழத்தட்டியது. உலகம் கூப்பிட்டால் நாம் உஷாராகிவிடுகிறோம். "கர்த்தர் சொன்னார்" என்று ஒருவர் கூப்பிட்டால் கண்ணை மூடிக்கொண்டு போய்விடுகிறோம்.

1978 நவம்பர் 18-ம் தேதி தென் அமெரிக்காவிலுள்ள கயானா நாட்டில், ஜிம் ஜோன்ஸ் என்ற பிரசங்கியைப் பின்பற்றிப் போன 900-க்கும் மேற்பட்டவர்கள் ஒரே நாளில் செத்தார்கள். பெரும்பாலானோருக்கு விஷம்தான் எமனானது. செத்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகள். அந்தப் பிள்ளைகள் அவனையா தெரிந்தெடுத்தார்கள்? தகப்பனும் தாயும் போன வழியில் அவர்களும் போனார்கள், அவ்வளவுதான்!

அப்படியானால் யாரைப் பின்பற்றலாம்? வேதம் மூன்று காரியங்களைக் காட்டுகிறது.

முதலாவது, வசனத்தோடு ஒத்துப்பாருங்கள். பெரோயா பட்டணத்தார் பவுல் அப்போஸ்தலன் சொன்னதையே தினமும் வேதவாக்கியங்களில் தேடிப் பார்த்தார்கள் (அப். 17:11). பவுல் கோபித்துக்கொள்ளவில்லை. கேள்வி கேட்டால் கோபப்படுகிறவரைக் குறித்து எச்சரிக்கையாயிருங்கள்.

இரண்டாவது, நடக்கையைப் பாருங்கள். நம்மை நடத்தினவர்களுடைய வாழ்க்கை எப்படி முடிந்தது என்று சிந்திக்கச் சொல்கிறது எபிரெயர் 13:7. மேடையில் ஒரு மணி நேரம் போதாது. வீட்டில் மனைவியோடும், காசு விஷயத்திலும், தவறு நடந்த மறுநாளும் அவர் எப்படி இருக்கிறார் என்று பாருங்கள்.

மூன்றாவது, அவர் யாரைக் காட்டுகிறார்? யோவான் ஸ்நானகன் இயேசுவைக் காட்டினபோது, அவனுடைய சீஷர்கள் இரண்டுபேர் அவனை விட்டுவிட்டு இயேசுவுக்குப் பின்னே போனார்கள் (யோவான் 1:37). அவன் தடுக்கவில்லை, சந்தோஷப்பட்டான். பவுலும் தான் கிறிஸ்துவைப் பின்பற்றுகிற அளவில்தான் தன்னைப் பின்பற்றச் சொன்னான் (1 கொரி. 11:1).

இந்த மூன்றையும் வைத்து என்னையும் சோதியுங்கள். நான் வசனத்தைவிட்டு விலகினால், "பாஸ்டர், இது எங்கே எழுதியிருக்கு?" என்று தைரியமாகக் கேளுங்கள். இன்று என்னிடம் யாராவது மாத்திரையைப் பற்றிக் கேட்டால், "நான் உங்களுக்காக ஜெபிக்கிறேன், நீங்க டாக்டர் சொல்றபடி செய்யுங்க" என்றுதான் சொல்கிறேன்.

அந்தத் தாயார் பல வருஷம் நம் ஆராதனைக்கு நொண்டி நொண்டியே வந்தார்கள். எனக்காக ஜெபிப்பதை அவர்கள் நிறுத்தவே இல்லை. உண்மையில் நான் பின்பற்றியிருக்க வேண்டியது அவர்களைத்தான்.

அருமையானவர்களே, இந்த வாரம் உபவாச ஜெபத்தில் இரண்டு கேள்விகளோடு கர்த்தருடைய சமுகத்தில் உட்காருங்கள். எனக்கு முன்னால் நடக்கிறவர் யார்? எனக்குப் பின்னால் வருகிறவர் யார்? நல்ல மேய்ப்பனாகிய இயேசு தாமே தம்முடைய சத்தத்தை அறிகிற காதுகளை நமக்குத் தருவாராக. ஆமென்.