கிருமிகண்ட சோழனும் குலோத்துங்கர்களும்

தொண்டை மண்டலமே வைணவ ஆசாரியர் இராமானுசர் பிறந்த திருப்பெரும்புதூரையும் அவருடைய சீடர் கூரத்தாழ்வானின் ஊராகிய கூரத்தையும் கொண்டது. ஆதலால் குருபரம்பரை நூல்கள், அதாவது வைணவ ஆசாரியர்களின் வரலாற்றை வழிவழியாக உரைக்கும் நூல்கள், கூறும் 'கிருமிகண்ட சோழன்' செய்தி இப்பகுதி மாணவர்க்கு அயலானதன்று. சிவனே பரம்பொருள் என எழுதிக் கையொப்பமிடுமாறு அவ்வரசன் வற்புறுத்தினான் என்றும், மறுத்த கூரத்தாழ்வானும் இராமானுசரின் ஆசாரியர் பெரிய நம்பியும் கண்களை இழந்தனர் என்றும், இராமானுசர் போசள நாட்டுக்குச் சென்று மேல்கோட்டையில் தங்கினார் என்றும் அவை சொல்கின்றன.

இவன் சோழ அரசன் முதற் குலோத்துங்கனே (1070–1120) என முடிவுகட்டி, அவனது அரை நூற்றாண்டு ஆட்சி முழுவதையும் சைவ வெறியின் காலமாக எழுதிவிடுவது மாணவர் பெரிதும் செய்யும் பிழையாகும். 'கிருமிகண்டன்' என்பது கழுத்தில் புழு வைத்தவன் என்னும் பொருளில் பிற்காலத்தார் இட்ட இழிபெயரே தவிர அரசன் தனக்குச் சூட்டிக்கொண்ட பெயரன்று. கிருமிகண்டனை, முதற் குலோத்துங்கனுக்கு முன் ஆண்ட அதிராசேந்திரனாகக் கருதிய ஆய்வாளரும் உண்டு. தில்லையில் (சிதம்பரத்தில்) இருந்த திருமாலாகிய கோவிந்தராசரின் திருமேனியை அகற்றியவனாகச் சொல்லப்படும் இரண்டாம் குலோத்துங்கனோ (1133–1150), மரபு இராமானுசருக்கு வகுக்கும் 1017–1137 என்னும் ஆயுளின் இறுதி ஆண்டுகளில்தான் அரியணை ஏறினான். பெயர் ஒன்றாக இருப்பதால் இருவர் செயல்களும் ஒருவன் தலையில் ஏற்றப்படுகின்றன. ஆகவே ஒரு கல்வெட்டு எந்தக் குலோத்துங்கனுடையது என்பதை, அரசன் புகழைத் தொடக்கத்தில் பாடும் மெய்க்கீர்த்தியைக் கொண்டு முதலில் உறுதிசெய்ய வேண்டும்.

இதற்கு எதிரான பிழையும் உண்டு. நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்தின் ஊர்களுக்கு முதற் குலோத்துங்கன் 1090இல் வரிச்சலுகை அளித்ததைச் சிறிய லெய்டன் செப்பேடு கூறுவதாலும், திருவரங்கம் வைணவக் கோயிலில் அவன் காலக் கொடைக் கல்வெட்டுகள் பல இருப்பதாலும், அவன் சமயப் பொறையுடையவன், ஆகவே ஆசாரியர் துன்பம் வெறும் கட்டுக்கதை எனச் சிலர் தள்ளிவிடுகின்றனர். ஆனால் அந்த விகாரம் கடல்கடந்த ஸ்ரீவிசய அரசரின் ஆதரவில் எழுந்தது. அதைக் காப்பது வணிக உறவையும் காப்பதாகும். நிலமும் வரியும் பற்றிய அறக்கொடை வேறு. ஒருவரின் உள்ளம் ஏற்காத கோட்பாட்டுக்கு அவர் கையாலேயே ஒப்புதல் பெறுவது வேறு. கோயிலுக்குப் பொன் அளித்த அதே அரசு, அக்கோயிலின் ஆசாரியரிடம் கையொப்பமும் கேட்டிருக்கக்கூடும். குருபரம்பரை நூல்களுள் ஒன்றாகிய ஆறாயிரப்படி எழுதப்பட்டது 13ஆம் நூற்றாண்டில் என்பதால் அரசன் பெயரிலும் ஆண்டிலும் அதன் சான்று தளர்வுறலாம். எனினும் நம்பிக்கையை ஆணையால் பெற முடியுமா என்று அது எழுப்பும் வினாவுக்குக் கொடைக் கல்வெட்டு எதுவும் விடையாகாது.