நீர்க்கொடை என்று நிறைவுறும்?

நாகர்கோவிலில் ஒரு நூலகத்தின் வாயிலில், யாரோ ஒருவர் நினைவாக அமைக்கப்பட்ட குடிநீர்த் தொட்டியைச் சென்ற கோடையில் கண்டேன். பளிங்குக் கல்லில் கொடையாளர் பெயர் துலக்கமாக இருந்தது. குழாயைத் திருகினேன், நீர் வரவில்லை. கொடுத்தவர் கடமை கொடுத்த அன்றே முடிந்துவிட்டதா என்னும் வினா மனத்தில் எழுந்தது.

தானத்தை ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என நான்காக வகுத்தனர் நம் ஆன்றோர். நூலகம் சாத்திர தானம்; அதன் வாயிலில் வைக்கும் நீர் ஆகார தானத்தின்பாற்படும். நூல் கற்றவர்க்கே பயன்படும். நீரோ எழுத்தறியா வழிப்போக்கர்க்கும் பயன்படும். ஆயினும் ஒருமுறை அளித்த நூல் பல்லாண்டு நிற்கும். தாகமோ நாள்தோறும் புதிதாய்ப் பிறக்கும். ஆதலின் நீரும் நாள்தோறும் அளிக்கப்படல் வேண்டும்.

இதனை முன்னோர் நன்குணர்ந்திருந்தனர். தண்ணீர்ப் பந்தல் வைத்தோர் பந்தலோடு அமையாது, நீர் இறைப்பவர்க்கும் ஊற்றுபவர்க்கும் கலம் தருபவர்க்கும் நிலம் விட்ட செய்திகளைத் தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளிற் காண்கிறோம்.

மும்பையில் மஸ்ஜித் பந்தர்ப் பகுதியில், கச்சு நாட்டு ஜைன வணிகரான சேட் கேசவ்ஜி நாயக்கின் கொடையாக, கடிகாரக் கோபுரத்துடன் கூடிய குடிநீர் மண்டபம் 1876ஆம் ஆண்டு எழுந்தது. நாளடைவில் அதுவும் பழுதுற்றது. நம் காலத்தவர் அதனைச் செப்பனிட்டனர். இங்கே அறம் செய்தவர் கட்டியவர் மட்டுமா? காத்தவரும் அன்றோ?

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றும் வினையே என்பது நம் நெறி. நற்செயலுக்கு உடன்படுவோர்க்கு அதில் பங்குண்டெனில், வறண்ட குழாயைக் கண்டும் வாளா செல்வோர்க்கும் அக்குறையில் பங்குண்டு. நீரை வடிகட்டிப் பருகும் நாம், பாசி படிந்த தொட்டியைப் பிறர்க்கு விட்டு வைக்கலாமா?

இதனை எழுதும் தகுதி எனக்கு உண்டா என்றும் எண்ணிப் பார்த்தேன். என் அன்னையின் நினைவாக, நான் பணியாற்றிய பள்ளியொன்றில் நீர்த்தொட்டி ஒன்று அமைத்தேன். ஓய்வு பெற்றபின் ஒருமுறையேனும் சென்று பார்த்திலேன். கல்லில் அன்னையின் பெயர் இருக்கிறது என்னும் மனநிறைவே எனக்குப் போதுமானதாயிற்று. நூலக வாயிலில் பிறர்மேற் கண்ட குறை என்னிடமே இருந்தது.

மறுவாரமே அப்பள்ளிக்குச் சென்றேன். இரு குழாய்களில் ஒன்று பழுதாகியிருந்தது. அதனை மாற்றி, திங்கள்தோறும் தொட்டியைக் கழுவ ஏற்பாடு செய்து திரும்பினேன்.

அன்பர்களே, உங்கள் குடும்பத்தார் பெயரால் எங்கேனும் நீர்க்கொடை நிகழ்ந்திருப்பின், இக்கோடைக்கு முன் ஒருமுறை சென்று குழாயைத் திருகிப் பாருங்கள்.